வெளித் தாழ்ப்பாள்

பேய் உண்டா இல்லையா என்று என்னிடம் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. நான் போடியில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். படித்தது பி.ஃபார்ம். கடை அடைத்துவிட்டுச் சுடுகாட்டு ரோட்டில் தனியாக ஸ்கூட்டியில் வீட்டுக்குப் போய்ப் பழகியவள். ஆனால் ஏலமலைச் சரிவில் இருக்கும் அந்த வீட்டின் கதவைப் பற்றி நினைத்தால் இன்றைக்கும் உள்ளங்கை வேர்த்துவிடுகிறது. இதில் ஒரு வரிகூட யாரோ சொல்லிக் கேட்டு எழுதியதில்லை. எனக்கு நடந்தது. போன மார்கழியில் நடந்தது.

என் பெயர் சிவரஞ்சனி. கணவர் லிங்கேஸ்வரன். பெரிய ஏலக்காய் வியாபாரி ஒருவருக்காக எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்ச் சரக்குப் பார்த்து வாங்கி வருவது அவர் தொழில். வாரத்தில் பாதி நாள் மலைமேல்தான் இருப்பார். எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். ஒரே மகள், ரெண்டாவது படிக்கிறாள்.

கடைசி ஒரு வருஷமாக வீட்டில் பேச்சு செத்துப்போயிருந்தது. சண்டை என்று எதுவும் இல்லை. வருவார், சாப்பிடுவார், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். சில ராத்திரி திடுக்கென்று எழுந்து உட்கார்ந்து வாசல் கதவையே பார்ப்பார். கேட்டால் "ஒண்ணுமில்ல, படு" என்பார். தொழிலில் ஏதோ அடி என்று நினைத்தேன். பாவமாக இருந்தது.

அரைப் பரீட்சை லீவு விட்டதும் மகளைச் சிலமலையில் அம்மாவிடம் விட்டேன். ரெண்டு நாள் நாங்கள் ரெண்டு பேர் மட்டும் எங்காவது போய் இருந்துவிட்டு வரலாம் என்பது முழுக்க என் யோசனைதான். சாப்பாட்டு நேரத்தில் கடைக்குள் உட்கார்ந்து போனில் தேடித் தேடிப் பார்த்தேன். போடிமெட்டைத் தாண்டி, ஏலத் தோட்டத்துக்கு நடுவில் ஒரு வீடு. 'தம்பதிகளுக்கு மட்டும்' என்று போட்டிருந்தார்கள். ஒரே ஒரு அறை. பெயர் மேகக்கூடு. கட்டிலுக்கு எதிரே பெரிய ஜன்னல், ஜன்னல் நிறைய மேகம். பார்த்ததும் மனசு ஒட்டிக்கொண்டது. நானே பேசி ஏற்பாடு செய்தேன். கட்டிலில் பூவெல்லாம் தூவ வேண்டாம், மேசையில் சின்னதாக ஒரு கேக் போதும் என்றேன். ராத்திரிக்கு அவருக்குப் பிடித்த நாட்டுக்கோழிக் குழம்பு. அவருக்கு ஒரு மெரூன் ஸ்வெட்டர் வாங்கிப் பெட்டியின் அடியில் ஒளித்து வைத்தேன்.

எந்த வீடு என்று மட்டும் சொல்லவில்லை. அங்கே போய் இறங்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

பார்த்தேன்.

மெட்டு ஏறும்வரை நன்றாகத்தான் இருந்தார். கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். போடிமெட்டில் நிறுத்திப் பால் விடாத கட்டஞ்சாயா குடித்தோம். "ரெண்டு நாளைக்கு யாரு போனும் வேண்டாங்க" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே என் கண் முன்னால் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார். எவ்வளவு சந்தோஷம் எனக்கு!

அதற்குப் பிறகு நான் வழி சொல்லச் சொல்ல ஓட்டினார். தார் ரோட்டிலிருந்து ஒரு மண் ரோடு பிரிகிற இடத்தில் கார் நின்றுவிட்டது.

"இங்கிட்டா?"

"ஆமாங்க."

"வேற எடம் பாப்போம் ரஞ்சனி."

"ஏன்?"

"உள்ள ரோடு சரியில்ல."

எதிரே ஒரே மூடுபனி. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே ரோடு சரியில்லை என்று இவருக்கு எப்படித் தெரியும்? அந்தக் கேள்வி அப்போது எனக்குத் தோன்றவில்லை. என்னோடு வந்து தங்கவே பிடிக்கவில்லை போல என்றுதான் தோன்றியது. கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்துவிட்டுக் கியரைப் போட்டார். ஸ்டியரிங்கில் அவர் விரல்கள் வெளுத்திருந்தன.

வீட்டுக்குப் புதுசாக மஞ்சள் பெயிண்ட் அடித்திருந்தார்கள். சமையலுக்கு இருந்த அம்மா வாசலில் நின்றிருந்தார். பெயர் சந்திரவல்லி. ஐம்பது வயதிருக்கும். கொஞ்சம் தள்ளி, எஸ்டேட் ஆட்களின் வரிசை வீடுகளான லயத்தில் குடியிருப்பவர்.

"வாங்க தாயி. குளிரு இன்னைக்குக் கூடத்தான்."

அறைக்குள் நுழைந்தோம். மேகத்தால் நாலரை மணிக்கே இருட்டு. ஸ்விட்ச் எங்கே என்று நான் சுவரைத் தடவினேன். கணவர் என் பின்னாலிருந்து கையை நீட்டி, திரைச்சீலைக்குப் பின்னால் விட்டு, லைட்டைப் போட்டார்.

பார்க்காமலேயே போட்டார்.

"இங்க வந்திருக்கீங்களா?"

"இல்ல."

அவ்வளவுதான் பதில்.

அறை அழகாகத்தான் இருந்தது. ஒன்றே ஒன்று உறுத்தியது. கதவின் உள்பக்கம், அடிப்பாகத்தில் மட்டும், முழங்கால் உயரத்துக்கு ஒரு புதுத் தகரத்தை அடித்திருந்தார்கள். எலித் தொல்லை போல என்று நினைத்துக்கொண்டேன். வெளிப்பக்கம் ஒரு பழைய இரும்புத் தாழ்ப்பாள். கனமானது.

சந்திரவல்லி ஏழு மணிக்குள் சாப்பாடு போட்டுவிட்டார். குழம்பு அவ்வளவு ருசி. கணவர் தொடவே இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாத்திரங்களை எடுக்க வந்த சந்திரவல்லி போகும்போது சொன்னார்:

"தாயி, ஜன்னலை ஒரு விரக்கடை தொறந்தே வைங்க. மூடிராதீங்க. குளிருச்சுன்னா கம்பளி இருக்கு. கரி அடுப்பு மட்டும் கேக்காதீங்க. இங்க இப்ப குடுக்குறதில்ல."

"ஏன்?"

"குடுக்குறதில்ல தாயி."

டார்ச்சை அடித்துக்கொண்டு லயத்தை நோக்கிப் போய்விட்டார். வெளிச்சம் பனிக்குள் கரைந்தது. அதன்பின் அந்தச் சரிவில் நாங்கள் இருவர் மட்டும்தான்.

அப்படித்தான் நினைத்தேன்.

ஸ்வெட்டரை எடுத்துக் கொடுத்தேன். போட்டுப் பார்க்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு, "காலையில வெரசா கெளம்பிருவோம்" என்றார். கேக்கை வெட்டாமலேயே மூடி வைத்தேன்.

ஏழே முக்கால் இருக்கும். ஒரு வாசனை வந்தது.

கரி. கனன்றுகொண்டிருக்கும் அடுப்புக்கரி.

"எங்கியோ தீ போட்டிருக்காங்களா?"

"ஏலக்கா காய வைக்கிற ஸ்டோர்ல விறகு எரியும்." குரல் கரகரத்தது.

விறகுப் புகை எனக்குத் தெரியும். இது அதுவல்ல. புகையே கண்ணுக்குத் தெரியவில்லை. வாசனை மட்டும், அதுவும் அறைக்குள்ளிருந்து... ஜன்னல் பக்கம் போனேன். ஒரு விரற்கடை திறந்து வைத்திருந்த ஜன்னல் மூடியிருந்தது. திறந்தேன். கட்டிலுக்கு வந்து உட்கார்ந்தேன்.

டக்.

திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் மூடியிருந்தது.

காற்று இல்லை. வெளியே ஒரு ஏல இலைகூட அசையவில்லை.

தலை கனத்தது. நெற்றிப்பொட்டில் விண் விண் என்று வலி. மருந்துக் கடைக்காரிக்கு அந்த வலி என்னவென்று சட்டென்று புரிந்தது. மூடிய அறையில் கரிப் புகையைச் சுவாசித்தால் வருகிற வலி. ஆனால் கரி எங்கே?

அப்போது போன் அடித்தது.

என் போன் இல்லை. அவருடையது. சட்டைப் பைக்குள் அணைந்து கிடந்த போன்.

எடுத்தார். திரையில் பெயர் தெரிந்தது. 'லோடு வண்டி'.

அந்தப் பெயரை எனக்குத் தெரியும். முன்பெல்லாம் எங்கள் வீட்டில் எந்நேரமும் வரும் பெயர். "லோடு வண்டிக்காரன்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்ப் பேசுவார். ஒரு வருஷமாகத்தான் வருவதில்லை.

அவர் முகம் சாம்பல் பூத்திருந்தது. எடுக்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. நான் பிடுங்கிக் காதில் வைத்தேன்.

இருமல்.

ஒரு பெண்ணின் இருமல். மூச்சு கிடைக்காத இருமல். பிறகு, மெதுவாக...

"கதவைத் தொறங்க..."

அது போனில் கேட்டது.

அறைக்குள்ளும் கேட்டது.

கதவுக்குக் கீழே. தரையோடு தரையாக. உள்பக்கம்.

க்ரீ...ச்.

தகரத்தில் நகம் இழுபடும் சத்தம்.

க்ரீ...ச். க்ரீ...ச்.

அங்கே யாரும் இல்லை. லைட் எரிகிறது. கதவு தெரிகிறது. தகரம் தெரிகிறது. தகரத்தில் கோடு விழுவது தெரிகிறது. கீறுகிற கை மட்டும் தெரியவில்லை.

அவர் கட்டிலிலிருந்து சரிந்து தரையில் மண்டியிட்டார்.

"வித்யா... நான் வேணும்னு பண்ணல. விடிஞ்சதும் வந்துறலாம்னுதான் நெனச்சேன்... சத்தியமா வித்யா..."

வித்யா.

எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. அதுதான் உண்மை. நெஞ்சில் கத்தி இறங்கியது போல ஒன்று வந்தது. ஒன்பது வருஷமும் ஒரு நொடியில் சரிந்து விழுந்தது.

"யாருங்க வித்யா?"

லைட் அணைந்தது.

இருட்டு. கட்டில் அசைந்தது. ஏதோ உருண்டது. ஓடும் சத்தம். கதவு திறந்தது, குளிர் முகத்தில் அறைந்தது...

கதவு மூடியது.

டடக்.

வெளித் தாழ்ப்பாள்.

"ஏங்க!"

காரின் கதவு அறைந்தது. இன்னொரு கதவும் அறைந்தது. என்ஜின் உறுமியது. ஜன்னலில் வெளிச்சம் ஒருமுறை சுழன்று போனது.

என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்.

கத்தினேன். கதவை உதைத்தேன். ரெண்டு உதைக்கு மேல் கால் எழவில்லை. கரி வாசனை தொண்டைக்குள் இறங்கியது. ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. கைகால் என் பேச்சைக் கேட்கவில்லை.

விழுந்தேன். தவழ்ந்தேன். கதவிடுக்கில் வாயை வைத்தேன். நூலளவு காற்று வந்தது.

மகளை நினைத்தேன்.

நகச் சத்தம் நின்றிருந்தது. அது நின்றதுதான் இன்னும் பயமாக இருந்தது. அவள் எங்கே?

அப்போது...

வெளியே...

இரும்பு நகர்ந்தது.

மெதுவாக. துருவேறிய தாழ்ப்பாள் கொஞ்சம் கொஞ்சமாக இழுபடும் சத்தம்.

கதவு திறந்தது.

யாரும் இல்லை.

பனி மட்டும்.

எப்படி எழுந்தேன், எப்படி ஓடினேன் என்று தெரியாது. தூரத்தில் மங்கலாகத் தெரிந்த விளக்கைப் பார்த்து ஏலச் செடிகளுக்குள் விழுந்து விழுந்து ஓடினேன். லயத்தில் சந்திரவல்லியின் கதவைத் தட்டும்போது என் காலில் செருப்பு இல்லை. அவர் என்னைப் பார்த்ததும் உள்ளே இழுத்து, கம்பளியால் மூடி, விடியும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெளிச்சம் வந்த பிறகுதான் பேசினார்.

"போன வருஷம் பெரிய கார்த்திகை அன்னைக்கித் தாயி. அப்ப அந்த வீட்டுக்கு வேற பேரு, வேற பெயிண்டு. கம்பத்துப் பக்கத்துப் புள்ளன்னாக. பேரு வித்யா. கூட ஒரு ஆளு வந்தான். நான் மூஞ்சியப் பாக்கல. குளிருக்குக் கரி அடுப்பப் பத்த வச்சுக் குடுத்துட்டு, கார்த்திகைன்னு நான் வெரசா வந்துட்டேன். காலையில போயிப் பாத்தா..."

நிறுத்தினார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"வெளிய தாழ் போட்டிருந்துச்சு. நான்தான் தொறந்தேன். கதவுக்குக் கீழயே கெடந்துச்சு. வாய இடுக்குல வச்சுக்கிட்டு. கதவெல்லாம் நகக் கீறலு. அதை மறைக்கத்தான் தாயி அந்தத் தகரம்."

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"உள்ள தாழ் போட்டிருந்துச்சுன்னு சொல்லச் சொன்னாரு மொதலாளி. புள்ள தனியாத்தான் வந்துச்சுன்னும் சொல்லச் சொன்னாரு. வீட்டுக்குக் கெட்ட பேரு வந்துரும்னு. நானும் அப்படித்தான் சொன்னேன். எனக்கு இந்த லயத்த விட்டா போக்கிடம் இல்ல தாயி."

பெரிய கார்த்திகை.

போன வருஷம் பெரிய கார்த்திகை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்பா வந்தால்தான் விளக்கு ஏற்றுவேன் என்று மகள் அழுதாள். நான்தான் அவருக்குப் போன் போட்டேன். மலையிலிருந்து இறங்கி வந்துவிட்டார். மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசலில் விளக்கு ஏற்றினார். பொரி உருண்டை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது. 'லோடு வண்டி'. "எடுங்களேன்" என்றேன். "காலையில பேசிக்கலாம்" என்று சத்தத்தைக் குறைத்து பிரிட்ஜ் மேல் வைத்தார். நான் பாத்திரம் கழுவும்போதும் அந்தத் திரை எரிந்து எரிந்து அணைந்துகொண்டிருந்தது. அப்புறம் அது அணைந்தேவிட்டது. அவர் அன்றைக்கு நன்றாகத் தூங்கினார்.

அந்த வெளிச்சத்தை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்தப் பக்கம் ஒருத்தி செத்துக்கொண்டிருந்தாள்.

எஸ்டேட் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிய ஜீப்பு ஒன்றில் போடிக்கு வந்து சேர்ந்தேன். எங்கள் தெருவில் கார் நின்றது. அவர் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். காய்ச்சல் கொதித்தது. என்னைப் பார்த்ததும் அலறிவிட்டார்.

"நீ எப்படி... நீ எங்கூடத்தானே வந்தே?"

நான் காரின் கதவைத் திறந்தேன்.

"கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டு ஓடி வந்தேனே ரஞ்சனி! அவளைத்தான் உள்ள வச்சுத் தாழ் போட்டேன். நீ பக்கத்துலதான் உக்காந்திருந்தே. வழியெல்லாம் பேசவே இல்ல. வீட்டு வாசல்ல வந்து திரும்பிப் பாக்கேன்... காணோம்."

எவ்வளவு அழகான பொய்! பெண்டாட்டியைச் சாக விட்டுவிட்டு ஓடி வந்தவனுக்கு எவ்வளவு சீக்கிரம் கதை கிடைத்துவிடுகிறது! வித்யாவைப் பற்றியும் அன்றைக்கே எல்லாம் சொன்னார். ஆள் இருப்பது யாருக்கும் தெரியக் கூடாது என்றுதான் வெளியே தாழ் போட்டாராம். விடிந்ததும் போய்த் திறக்கலாம் என்று இருந்தாராம். போகும்போது தூரத்திலேயே கூட்டத்தைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிவிட்டாராம். அவளுக்காக ஒரு வார்த்தை அழவில்லை. தனக்காக அழுதார்.

நான் சிலமலைக்குப் போய்விட்டேன். போலீசில் எழுதிக் கொடுத்தேன். முதலாளி மறுத்தார். சந்திரவல்லி பயந்து வாய் திறக்கவில்லை. இவரும் எல்லாவற்றையும் இல்லை என்றார். மனு இன்னும் கிடக்கிறது. நான் விடுவதாக இல்லை.

என்னை வெளியே விட்டது யார் என்று சந்திரவல்லியிடம் ஒருமுறை கேட்டேன். அந்த நேரத்தில் லயத்திலிருந்து யாரும் வெளியே போகவில்லை என்றார்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். தை மாசம் கடைசியில் போடி பஸ் ஸ்டாண்டில் பால்சாமி அண்ணனைப் பார்த்தேன். எஸ்டேட் ஆட்களை ஏற்றிப் போகும் ஜீப்பு டிரைவர். அவருக்கு எங்கள் விஷயம் எதுவும் தெரியாது. போலீசைத் தவிர வெளியில் யாரிடமும் நான் சொல்லியிருக்கவில்லை.

"என்ன தங்கச்சி, அண்ணன் மேல என்ன கோவம்?" என்றார்.

"என்னண்ணே?"

"மார்கழியில, மெட்டு எறக்கத்துல, ராத்திரி எட்டரை மணி இருக்கும். ஒரே பனி. கொண்டை ஊசி வளைவுல ஒங்க காரு நின்னுச்சு. ஏதும் ரிப்பேரோன்னு டார்ச்சை அடிச்சுக்கிட்டுக் கிட்டக்க வந்தேன். மாப்ளே, என்னாச்சுன்னு கேக்கேன், லிங்கேசு வாயத் தொறக்கல. அவன் தோள்ல சாஞ்சுக்கிட்டு நீ உக்காந்திருந்தே. தங்கச்சின்னு கூப்புட்டேன். முடிய விரிச்சுப் போட்டுக்கிட்டு நீ மூஞ்சியத் திருப்பவே இல்ல."

எட்டரை மணிக்கு நான் லயத்தில் கம்பளிக்குள் இருந்தேன்.

"சரி, புருசன் பொண்டாட்டி சந்தோசமா போறீக, நம்ம எதுக்கு எடைஞ்சலுன்னு வந்துட்டேன்" என்று சிரித்தார். "ஆனா ஒண்ணு தங்கச்சி. மலை ரோட்டுல அப்படி ஒரு கையால ஓட்டக் கூடாதுன்னு அவங்கிட்டச் சொல்லு. நான் பாக்கையிலேயே காரு கெளம்புச்சு, வளைவு திரும்பும்போதுகூட ஒன் கைய விடாம கோத்துக்கிட்டே போறான்."

ஒன்பது வருஷத்தில் அவர் ஒருநாளும் என் கையை அப்படிப் பிடித்ததில்லை.